ஒரே அச்சில் நாலு பேர்

அவருக்கு வலது கையில் மூன்று விரல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மில்லிலிருந்து தபால் போய்விட்டது. அஜாக்கிரதை, விதிமீறல், உன்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, விளக்கம் சொல். அந்தத் தபாலை டைப் அடித்த மேஜைக்குப் பக்கத்து மேஜையில் நான் இருந்தேன். டைப் அடித்த பையன் ஒரு வரியை வாய்விட்டுப் படித்தான். நான் கேட்காதது போல இருந்தேன்.

மில் பொள்ளாச்சி ரோட்டில் இருந்தது. நூல் மில். நானும் அவரும் கார்டிங்கில் வேலை பார்த்தவர்கள். கார்டிங் என்றால் பஞ்சைச் சீவிக் கயிறு போல இழுத்துக் கொடுக்கிற இடம். அந்தக் கயிறு கேன் என்கிற உயரமான டப்பாவில் விழும், நிறைந்தால் மாற்ற வேண்டும். மெஷினுக்குள்ளே பெரிய இரும்பு உருளை. அதன் மேல் முழுக்கக் கம்பிப் பல். ஸ்விட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது. தன் கனத்திலேயே ஆறேழு நிமிஷம் சுற்றும். அது நின்ற பிறகுதான் கீழ்க்கதவைத் திறந்து கழிவுப் பஞ்சை எடுக்க வேண்டும். விதி அப்படி. சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

உருளை நிற்பதற்கு முன்னால் அவர் திறந்தார். கையை விட்டார்.

அவர் பார்த்த ஆறு மெஷினும் முன்னால் நான் பார்த்தவை. எனக்கு நெஞ்சில் தூசி கட்டிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தார், என்னை ஆபீஸுக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு அவர் வந்தார். “நெஞ்சு வலின்னு நடிச்சு நாற்காலி புடிச்சுட்டானப்பா” என்று டீக்கடையில் அவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் கிணத்துக்கடவில் ஏறுவார். நான் இரண்டு ஸ்டாப் தள்ளி ஏறுவேன். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். வரும்போது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அதில் படத்தை வரைந்து அசைய வைக்கிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. நான் ஆபீஸில் டீ வாங்குவேன், ஃபைல் தூக்குவேன். ஒரு நாள் ஃபிட்டருக்கு மெஷினில் எங்கே கோளாறு என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். சின்ன முதலாளி பார்த்துவிட்டார்.

“அண்ணா, இதைக் கம்ப்யூட்டர்ல வரையறீங்களா?”

“வரையறேனுங்க.”

எனக்குப் படிப்பு ஏழாம் கிளாஸ். இங்கிலீஷ் எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க வராது. அதைச் சின்ன முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் பஞ்சுக்குப் போக வேண்டியிருக்கும் என்று பயம். அவர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். நான் வார்த்தையைப் பார்க்க மாட்டேன். எத்தனையாவது வரி என்று எண்ணி வைத்துக்கொள்வேன். மேலிருந்து மூன்றாவது, கீழிருந்து இரண்டாவது. வீட்டுக்குப் போய் மகளின் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொள்வேன்.

முதல் வேலையாகக் கார்டிங் முழுவதையும் வரையச் சொன்னார். இருபத்துநாலு மெஷின். மூன்று நாளில் ஏழு முடித்தேன். வந்து பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, இருபத்துநாலையும் இப்படியேவா வரையப் போறீங்க?”

“ஆமாங்க.”

“அட, ஒண்ணு வரைஞ்சாப் போதுங்கண்ணா. அதைச் சிம்பல் ஆக்கி லைப்ரரில போட்டுருங்க. அங்கிருந்து எத்தனை வேணும்னாலும் எடுத்து வெச்சுக்கலாம்.”

லைப்ரரி என்றதும் நான் எழுந்து அவருடைய புத்தக அலமாரிப் பக்கம் போனேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர். ஸ்கிரீன் ஓரத்தில் ஒரு பெட்டியைக் காட்டினார். அதற்குள் என் மெஷின் சின்னதாக உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் படத்தில் ஒரு மெஷின். இன்னொரு முறை இழுத்தால் இன்னொன்று. அரை மணி நேரத்தில் இருபத்துநாலும் வரிசையாக நின்றன.

சிம்பல் என்ற வார்த்தை எனக்கு வாயில் நிற்கவில்லை. நான் அச்சு என்று வைத்துக்கொண்டேன். கோயமுத்தூரில் பவுண்டரிக்குப் பஞ்சமில்லை. என் மைத்துனன் ஒன்றில் இருந்தான். ஒரு அச்சு, அதில் நூறு வார்ப்பு. பார்த்த வேலைதான்.

அப்படி நினைத்தது தப்பு. மறுநாள் ஒரு மெஷினின் பெல்ட் நிறம் பிடிக்காமல் அச்சைத் திறந்து கறுப்பாக மாற்றினேன். வெளியே வந்து பார்த்தால் இருபத்துநாலு பெல்ட்டும் கறுப்பு. வார்த்துப் போன இரும்பு வார்த்ததுதான். அச்சை உடைத்துப் போட்டாலும் லாரியில் போன பம்ப் மாறாது. இங்கே மாறியது. சின்ன முதலாளி “சூப்பருங்கண்ணா” என்றார். ஒரு இடத்தில் கை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் மாறுகிறது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் மாற வேண்டுமென்றால் அதை முதலில் அச்சிலிருந்து பிரித்துத் தனி நகல் ஆக்க வேண்டும். படத்தின் மேல் வைத்து மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் தொங்கும். நாலாவது வரி, அச்சையே திருத்துவது. ஐந்தாவது வரி, தனி நகல் எடுப்பது. நாலு, ஐந்து. அதை நோட்டில் இரண்டு முறை எழுதி வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் கார்டிங்கில் அவர் விரல்கள் போயின. விசாரணை வந்தது.

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீலை மில்லே வைத்தது. வயதானவர். மரியாதையாகப் பேசுவார். முதல் நாள் மேனேஜர் மெஷினைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவருக்குப் புரியவில்லை. நேரில் காட்டக் கூட்டிப்போனார்கள். வக்கீலுக்கு ஆஸ்துமா. கார்டிங் வாசல் வரை வந்தார். தும்மல் பிடித்துக்கொண்டது. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

“என்னால உள்ள வர முடியாதுங்க. வேற எப்படியாச்சும் காட்டுங்க.”

“கம்ப்யூட்டர்ல படமா காட்டறோமுங்க” என்றார் சின்ன முதலாளி.

அப்படித்தான் அந்த வேலை என் மேஜைக்கு வந்தது.

அந்த ஷிப்டில் நாலு பேர். ஆளுக்கு ஆறு மெஷின். மற்ற மூன்று பேரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் எப்போதும் உருளை நின்ற பிறகுதான் திறப்போம் என்று. பயம். நான் அங்கே இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன். ஆகவே படத்தில் மூன்று பேர் காத்து நிற்க வேண்டும். நாலாவது ஆள் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக் கதவைக் காட்ட வேண்டும். மேனேஜர் சொன்னது அது.

ஒரு ஆள் வரைந்தேன். காக்கி டவுசர், பனியன், தலையில் துண்டு. முகம் போடவில்லை. நடந்து வருவான், ஸ்விட்சை அணைப்பான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அதை அச்சாக்கி நாலு இடத்தில் வைத்தேன். கார்டிங்கில் கையைப் பின்னால் கட்டி நின்ற ஆளை நான் பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை. சொல்லவில்லை. வரைந்தேன்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்.

“அந்தாளு படத்தையா வரையறீங்க?”

“மொகமெல்லாம் போடலை. ஆளு மட்டும்தான்.”

“மொகம் போடாட்டி அவரில்லைன்னு ஆயிருமாக்கும்?”

அவள் விடவில்லை.

“அவரு ஊட்டம்மாவை நேத்துச் சந்தையில பாத்தேன். இடது கைல சோறு திங்க வரலையாமா. அவதான் ஊட்டி உடறாளாம். இதுல வேலையும் போச்சுன்னா?”

“நானா அனுப்பறேன்?”

“நீங்க அனுப்பலீங்க. படந்தான் வரையறீங்க.”

எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் சொன்னதில் தப்பில்லை. ஏழு விரலோடு, அஜாக்கிரதை என்று எழுதிய பேப்பரோடு வெளியே போனால் எந்த மில்லும் அவரை உள்ளே விடாது. அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். எனக்கும்தான்.

விசாரணை அன்று காலை பதினோரு மணிக்கு. ஒன்பதரைக்கு மேனேஜர் வந்து என் பின்னால் நின்றார்.

“என்னப்பா, ஆச்சா?”

“ஆச்சுங்க.”

ஓட்டிக் காட்டினேன். பார்த்தார்.

“நான் சொன்ன அம்புக்குறி பத்தாது. வக்கீலுக்கு அம்பு காட்டி என்ன பண்றது? அந்தாளு குனிஞ்சு கையை உடறது தெரியோணும்.”

“நேரமில்லீங்க.”

“ஒண்ணரை மணி நேரம் இருக்குது. கார்டிங்கில ஒண்ணரை மணி நேரத்துல எத்தனை கேன் மாத்துவே?”

“கேன் வேறீங்க, இது வேறீங்க.”

“அப்படியா? அப்பக் கேனுக்கே போயிரலாமா?”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சின்ன முதலாளி அன்று காலை டவுனுக்குப் போயிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சொன்னார். “புது வெர்ஷன் போட்டிருக்கேனுங்கண்ணா. எல்லாம் அதேதான். கொஞ்சம் வேகமா ஓடும்.” பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருந்தது. நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நாலாவது ஆள் மேல் வைத்து வலது பட்டனை அழுத்தினேன். பட்டியல் தொங்கியது. எண்ணினேன். ஐந்தாவது வரி. அழுத்தினேன். வழக்கமாக நகலுக்குப் பெயர் கேட்டு ஒரு பெட்டி வரும். வரவில்லை. புதுசில் கேட்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நேராக ஆள் படம் திறந்தது.

அசைகிற படம் என்பது அடுத்தடுத்து ஓடுகிற கட்டங்கள்தான். அதில் கடைசி அம்பது கட்டத்தை அழித்துவிட்டுக் குனிகிற ஆளை வரைந்தேன். முட்டி மடங்க வேண்டும். இடது கை கதவைப் பிடிக்க வேண்டும். வலது கை உள்ளே போக வேண்டும். யாரையும் பார்த்து வரையத் தேவைப்படவில்லை. எப்படிக் குனிவது என்று என் முதுகுக்குத் தெரியும். ஒருக்களித்துத்தான் குனிய முடியும். நேராகக் குனிந்தால் முகத்தில் பஞ்சு அடிக்கும். வலது கை போகும்போது தோள் மெஷினில் இடிக்காமல் இருக்க இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைக்க வேண்டும். எல்லாம் வந்தது.

இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. யூபிஎஸ் கத்தியது. ஒவ்வொரு முறையும் சேவ் செய்தேன். பத்தரைக்கு இரண்டு ஆட்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக வந்து வாசலில் நின்றார்கள்.

“ஏனுங்க, தூக்கட்டுங்களா?”

“இருங்க.”

“மேனேஜர் அஞ்சு தரம் கேட்டுட்டாருங்க.”

அச்சைவிட்டு வெளியே வந்தேன். முதல் கட்டத்தில் நாலு பேரும் பழையபடி நின்றுகொண்டிருந்தார்கள். சரியாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்க்கவில்லை. சேவ் செய்து அணைத்தேன். ஓட்டிப் பார்த்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும்.

மேனேஜர் ரூமில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். வக்கீல் நடுவில். ஒரு பக்கம் மேனேஜரும், டவுனிலிருந்து திரும்பியிருந்த சின்ன முதலாளியும். எதிர்ப்பக்கம் அவர். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருக்குப் பேச யூனியன்காரர் ஒருவர் பக்கத்தில். ஓரத்தில் டைப் அடிக்கிற பையன். நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார்.

“போடுங்க” என்றார் வக்கீல்.

போட்டேன். இருபத்துநாலு மெஷின். உருளைகள் சுற்றின. நாலு பேர் நடந்து வந்தார்கள். ஸ்விட்சை அணைத்தார்கள். உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. மேனேஜர் பேனாவால் ஸ்கிரீனைத் தொட்டுக் காட்டினார்.

“இப்பக் கவனிங்க சார். மூணு பேரு நிப்பாங்க. இவரு மட்டும்…”

நாலு பேரும் குனிந்தார்கள்.

ஒரே நேரத்தில். ஒருக்களித்து. இடது கால் பின்னால். இடது கை கதவில். வலது கை உள்ளே. படம் முடிந்து தானாகவே மறுபடி தொடங்கியது. மறுபடி நடந்து வந்தார்கள். மறுபடி நாலு பேரும் குனிந்தார்கள்.

அச்சைத் திருத்திவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நிறுத்தக் கை போகவில்லை.

யூனியன்காரர் சிரித்துவிட்டார். “ஏனுங்க மேனேஜர், ட்ரில் கிளாஸாட்டமல்ல இருக்குது!”

“நிறுத்துப்பா!” என்றார் மேனேஜர். நிறுத்தினேன். நாலு பேரும் குனிந்தபடியே நின்றார்கள். மேனேஜர் வக்கீல் பக்கம் திரும்பினார். “இது தப்பாப் போட்ட படமுங்க. ரெண்டு நிமிஷம் குடுங்க, திருத்திருவான்.”

ரெண்டு நிமிஷத்தில் திருத்த முடியும். அது உண்மை. சின்ன முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். செய்யுங்கள் என்று. நான் நாற்காலியில் உட்காரப் போனேன்.

“கொஞ்சம் இருங்க” என்றார் வக்கீல். “இதை வரைஞ்சது யாருங்க?”

“நானுங்க.”

“முன்னாடி என்ன வேலை செஞ்சீங்க?”

“கார்டிங்குங்க. பதினோரு வருஷம்.”

“எந்த மெஷின்?”

அவரைக் கையால் காட்டினேன். “இவரு பாத்த அதே ஆறுதானுங்க.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“சரி. நீங்களே சொல்லுங்க. படம் தப்புங்களா?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவும் உண்மைதான். சொல்லிவிட்டு உட்கார்ந்து திருத்தலாம். என் நாற்காலி என்னிடமே இருக்கும். நெஞ்சு இப்படியே கொஞ்ச வருஷம் ஓடும். விரல் போன அவர் எனக்கு யார்? பேச்சுவார்த்தைகூட இல்லை.

அவர் தன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது.

“தப்புங்க” என்றேன்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

“நாலு பேரும் ஒண்ணா குனிய மாட்டாங்க. ஒவ்வொருத்தரா குனிவாங்க.”

டைப் சத்தம் நின்றது. வக்கீல் முன்னால் வந்தார்.

“எல்லாருமா?”

“எல்லாருமுங்க.”

“உருளை நிக்கறதுக்கு முன்னாடியா?”

“ஆமாங்க. நானும் குனிஞ்சிருக்கேன். தினமும்.”

“விதி எழுதிப் போட்டிருக்குதே, நின்ன பொறவுதான்னு?”

“இருக்குதுங்க. நிக்க ஏழு நிமிஷம். ஆறு மெஷினுக்கும் ஏழேழு நிமிஷம் நின்னா அதுக்குள்ள மத்ததுல கேன் நெறஞ்சு பஞ்சு தரையில கொட்டும். நின்னுட்டிருக்கறவனை மேஸ்திரி கேப்பாரு, வேடிக்கையா பாக்கறேன்னு. குனிஞ்சு எடுத்துட்டா யாரும் கேக்க மாட்டாங்க.”

“மேனேஜருக்கு இது தெரியுமா?”

“அது அவரைக் கேக்கோணுமுங்க.”

மேனேஜர் எழுந்தார். “சார், இவனுக்கும் அந்தாளுக்கும்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இவனுக்கும் அந்தாளுக்கும் பேச்சு இல்லை என்பது மில் முழுக்கத் தெரியும். வேண்டியவனுக்காகச் சொல்கிறான் என்று சொல்ல வழியில்லை.

“எழுதிக்கிட்டீங்களா?” என்று வக்கீல் பையனைக் கேட்டார். பையன் தலையாட்டினான். பேப்பரை உருவி என் முன்னால் வைத்தார்கள். வக்கீல் அதை வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னார். நான் சொன்னதுதான் இருந்தது. தமிழில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

வெளியே வராந்தாவில் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு நாற்காலி குடுத்தது யாரு?”

“நீங்கதானுங்க.”

“நாளைக்கி வேஸ்ட் குடோனுக்குப் போயிரு.”

“சரிங்க.”

வேஸ்ட் குடோன் கழிவுப் பஞ்சு மூட்டை கட்டும் இடம். கார்டிங்கைவிட மோசம்.

மத்தியானம் சின்ன முதலாளி கூப்பிட்டார். போனில் அவர் அப்பாவிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியாது என்று நினைத்தார். அத்தனை வருஷம் அந்த மில்லில் இருந்தவனுக்குப் புரியாமல் போகாது. ஆள் பொய் சொல்லவில்லை அப்பா, அதுதான் சிக்கல் என்றார். போனை வைத்தார்.

“வேணும்னேதான் செஞ்சீங்களாங்கண்ணா?”

“இல்லீங்க. அஞ்சாவது வரிதானுங்க அழுத்தினேன்.”

“அஞ்சாவது வரியா?”

கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன். பட்டியல் தொங்கியது. அவர் உற்றுப் பார்த்தார். மேலே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியிருந்தன. ஐந்தாவது இப்போது அச்சைத் திருத்துவது. நகல் ஆறாவது.

“இத்தனை நாளா எண்ணிட்டா இருந்தீங்க?”

“ஆமாங்க.”

“படிக்க வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்கண்ணா?”

“சொன்னா வேலை போயிருமுங்க.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மேனேஜர் சொன்னதை இப்ப நான் மாத்த முடியாது. கொஞ்ச நாளு பொறுத்துக்கங்க.”

பொறுத்துக்கொண்டேன். வாயில் துணி கட்டிக்கொண்டு மூட்டை தைத்தேன். ராத்திரி படுத்தால் இருமல். வீட்டில் அவள் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வக்கீலின் முடிவு வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஒரு கெட்ட முடிவு வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அந்த நாட்களில் நான் முன் பஸ்ஸில் போய்விடுவேன். வழக்கமான பஸ்ஸில் அவர் வீட்டு ஆட்கள் யாராவது ஏறினால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஆறாவது வாரம் ஆர்டர் வந்தது. அது எல்லாரும் செய்கிற பழக்கம், ஒருவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது, நிர்வாகம் தடுக்கவில்லை. வேலை நீக்கம் இல்லை. அவருக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டோரில் வேலை. கீழ்க்கதவுகளுக்கு உருளை நின்றால் மட்டும் திறக்கிற பூட்டு போட வேண்டும்.

பூட்டு போட்டார்கள். உருளை நின்றதும் எரிகிற ஒரு விளக்கும் வைத்தார்கள். கார்டிங்கில் என்னைத் திட்டினார்கள்.

“உங்க பொம்மைப் படத்தால நாங்க சாமி பாக்கறாப்புல நிக்கறோமுங்க!”

“நில்லுங்க” என்றேன்.

“மேஸ்திரி கத்தறாரு. நீங்க வந்து கேளுங்க.”

“கத்தட்டும்.”

அந்த மூன்று பேரில் ஒருவர் மட்டும் குடோன் பக்கம் வந்து சும்மா நின்றுவிட்டுப் போனார். எழுதிக் கொடுத்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு மாதம் கழித்துச் சின்ன முதலாளி என்னைத் திரும்பக் கம்ப்யூட்டருக்குக் கூப்பிட்டுக்கொண்டார். ஸ்கிரீன் ஓரத்தில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையும், பக்கத்தில் தமிழும், அவர் கையெழுத்தில். புது ஆட்களுக்குக் காட்டுவதற்கு அந்தப் படத்தையே திருத்தச் சொன்னார். நாலு பேரும் காத்து நிற்க வேண்டும், விளக்கு எரிந்த பிறகு கதவைத் திறக்க வேண்டும். இந்த முறை வார்த்தையைப் பார்த்தேன். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அச்சைத் தெரிந்தே திறந்தேன்.

பழைய நேர பஸ்ஸுக்கு மறுபடி வந்தேன். அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. வேறெங்கும் இல்லை. உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டாப் வரை பேச்சு இல்லை.

“என்னையக் காப்பாத்தறதுக்குத்தான் அப்படி வரைஞ்சீங்களா?” என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

“இல்லீங்க. கை தவறிப்போச்சு.”

“வக்கீலு கேட்டப்ப?”

“அது தவறலைங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“அப்பப் பாதிக்குத்தான் நன்றி சொல்லோணும்.”

“சொல்லாட்டியும் பரவால்லைங்க.”

“சொல்லலீங்க” என்றார். கண்டக்டர் வந்தார். அவருக்கு இடது கையால் பாக்கெட்டில் இருந்து பாஸை எடுக்க வரவில்லை. நான் எடுத்துக் காட்டினேன். திரும்ப அவர் பாக்கெட்டிலேயே வைத்தேன்.